பழைய டர்போ ஏடபிள்யூடி வண்டி மேல ஆசையா? சிங்கப்பூர்ல வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

ஈசூன்ல எங்க புளோக்குக்குக் கீழ இருந்த கார்பார்க்ல தினமும் ராத்திரி பதினோரு மணி வாக்குல ஒரு வண்டி வரும். டுபு டுபு டுபுன்னு ஒரு சத்தம், மத்த காரு மாதிரி ஒரே சீரா இருக்காது, நொண்டி நொண்டி வர்ற மாதிரி இருக்கும் ஆனா அதுல ஒரு பலம் இருக்கும். நான் அப்ப செகண்டரி 3 படிச்சிட்டிருந்தேன், புத்தகத்த மூடி வச்சிட்டு ஜன்னல் பக்கம் போயி நிப்பேன். நீலக் கலர் சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ், டர்போ இன்ஜின், ஏடபிள்யூடி, அதாவது நாலு வீலுக்கும் பவர் போற வண்டி. ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது அந்தச் சத்தம் எப்படி வருதுன்னு, சிலிண்டர் ரெண்டு பக்கமும் படுத்திருக்குற பாக்ஸர் இன்ஜின்ல ரெண்டு பக்கத்துல இருந்து வர்ற எக்ஸாஸ்ட் பைப்பு ஒரே நீளத்துல இருக்காது, அதனால புகை ஒரே இடைவெளில வெளிய வராம முன்னப்பின்ன வருது, அதான் அந்த நொண்டல். அந்தச் சத்தத்தக் கேட்ட நாள்ல இருந்து சாவி என் கைக்கு வர 17 வருஷம் ஆச்சு. அந்த 17 வருஷத்துல நான் கத்துக்கிட்டத எழுதுறேன், உங்களுக்கு அவ்வளவு நாள் ஆகக் கூடாது, அதே சமயம் அவசரப்பட்டு வாங்கி அழவும் கூடாது.

முதல்ல விலைய மறந்துடுங்க. சத்தியமாத்தான் சொல்றேன். வேற ஊர்ல பழைய வண்டின்னா விலைய பாத்து பேரம் பேசி வாங்கிட்டுப் போயிடலாம், நம்ம ஊர்ல நீங்க வாங்குறது வண்டிய இல்ல, அந்த வண்டி ரோட்ல ஓட இன்னும் மிச்சமிருக்குற காலத்த. 1990-ல சிஓஇ, அதாவது ஏலத்துல எடுக்குற வண்டி உரிமைச் சான்றிதழ், வந்ததுல இருந்து இதுதான் கதை, பத்து வருஷத்துக்கு ஒரு உரிமை, முடிஞ்சா புதுப்பிக்கணும் இல்லன்னா வண்டிய விட்டுடணும். இதுல நமக்கு இன்னொரு அடி என்னன்னா 1600 சிசிக்கு மேலயோ 97 கிலோவாட் பவருக்கு மேலயோ போனா பெட்ரோல் வண்டி பெரிய வண்டிக்கான ஏலப் பிரிவான கேட் பி-ல விழுந்துடும், நாலு வீலுக்கும் பவர் போற டர்போ வண்டி எல்லாமே அங்கதான். சின்னூண்டு டொயோட்டா ஜிஆர் யாரிஸ் கூட 1618 சிசி, அதுவும் கேட் பி. 2023 அக்டோபர்ல கேட் பி 1,50,001 வெள்ளிக்குப் போச்சு, அன்னிக்கு நான் ஆபீஸ்ல உக்காந்து ரிசல்ட்ட பாத்துட்டு மத்தியான சாப்பாடே சாப்பிடல. ஏலம் ஏறுனா பழைய வண்டி விலையும் கூடவே ஏறும், ஏன்னா விக்கிறவருக்கும் அடுத்த வண்டிக்கு சிஓஇ வாங்கியாகணுமே.

அதனால விளம்பரத்துல விலைக்குப் பக்கத்துல போட்டிருக்குற டெப்ரிசியேஷன், அதாவது வருஷத்துக்கு எவ்வளவு மதிப்பு கரையுதுங்கிறதுதான் உண்மையான விலை. பத்து வயசு ஆகாத வண்டின்னா, இன்னிக்கு நீங்க குடுக்குற காசுல இருந்து பத்தாவது வருஷ முடிவுல வண்டிய விடும்போது அரசாங்கத்துகிட்ட இருந்து திரும்பக் கிடைக்கப் போற பார்ஃப் தொகைய கழிங்க, மிச்சமிருக்குற வருஷத்தால வகுங்க, அவ்வளவுதான். பார்ஃப் எவ்வளவுங்கிறது வண்டி எப்ப ரிஜிஸ்டர் ஆச்சுங்கிறதப் பொறுத்தது, ரூல் நடுவுல மாறியிருக்கு, 2023-ல உச்சவரம்பு கூட வச்சாங்க, அதனால டீலர் வாய்க்கணக்க நம்பாம நிலப் போக்குவரத்து ஆணையத்தோட (எல்டிஏ) ஒன்மோட்டரிங் தளத்துல அந்த வண்டிக்கு என்ன காட்டுதுன்னு விக்கிறவர விட்டே திறந்து காட்டச் சொல்லுங்க. பத்து வருஷம் தாண்டி சிஓஇ புதுப்பிச்ச வண்டின்னா பார்ஃப் கிடையாது, அது புதுப்பிச்ச அன்னிக்கே போயிடுச்சு. அந்த வண்டிக்கு விலைய மிச்ச வருஷத்தால வகுத்தாப் போதும், கடைசில பாடிக்கு ஏதாவது கிடைச்சா லாபம்னு வச்சுக்கங்க.

இதுல ஒரு வரி ரொம்ப முக்கியம், நிறைய பேரு பாக்காம விட்டுடுறாங்க. சிஓஇ அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சதா பத்து வருஷத்துக்கா? அஞ்சு வருஷம்னா அதுக்கப்புறம் திரும்பப் புதுப்பிக்க முடியாது, அந்தத் தேதியோட வண்டிக்கு ஆயுசு முடிஞ்சுது, நீங்க எவ்வளவு செலவு பண்ணி இன்ஜின் கட்டியிருந்தாலும் சரி. பத்து வருஷம்னா மறுபடியும் புதுப்பிக்கலாம். வண்டிய ரொம்ப நாள் வச்சுக்கணும்னு மனசுல இருக்குறவங்க இத முதல்ல பாருங்க, கலர அப்புறம் பாத்துக்கலாம்.

சரி, ஒரு கணக்கு போடுவோம். இது உதாரணம்தான், உங்க நம்பர நீங்க போட்டுக்கங்க. சிஓஇ புதுப்பிச்ச வண்டி ஒண்ணு, 60,000 வெள்ளி, அஞ்சு வருஷம் மிச்சம். வருஷத்துக்கு 12,000. ரோட் டாக்ஸ் 2000 சிசி வண்டிக்கு வருஷம் 1,200 வெள்ளிக்குப் பக்கத்துல வரும், ஆனா பத்து வயசு தாண்டுனதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் 10 சதவீதம் கூடிக்கிட்டே போயி 50 சதவீதத்துல நிக்கும், அப்ப 1,800. டபிள்யூஆர்எக்ஸுக்கு பெரியண்ணன் எஸ்டிஐ மாதிரி 2457 சிசின்னா சாதாரணமாவே 1,750 கிட்ட வரும், வயசானா 2,600 தாண்டிடும், வாங்குறப்ப யாரும் இத சொல்ல மாட்டாங்க. இன்சூரன்ஸ் 2,500-ன்னு வச்சுக்குவோம். வீவக கூரை போட்ட கார்பார்க்ல சீசன் பார்க்கிங் மாசம் 110, வருஷம் 1,320. பெட்ரோல், வருஷத்துக்கு 12,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 9 கிலோமீட்டர் குடுத்தாலும் 1,300 லிட்டர் தாண்டும், லிட்டர் 3 வெள்ளின்னு போட்டா 4,000. இந்த மாதிரி டர்போ வண்டிக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் ஊத்தி மிச்சம் பிடிக்கலாம்னு நினைக்காதீங்க, தயாரிச்சவங்க எத ஊத்தச் சொல்லியிருக்காங்களோ அததான் ஊத்தணும். ரிப்பேருக்கு 3,000. எல்லாம் கூட்டுனா 24,600 வருது, மாசத்துக்கு 2,050. இஆர்பி ரோட்டுக் கட்டணம், வெளிய பார்க் பண்ற காசு இதுல இல்ல.

இந்த நம்பரப் பாத்து மனசு உடைஞ்சா, உடையட்டும், இப்பவே உடையட்டும். எனக்கும் உடைஞ்சுது, 26 வயசுல. அன்னிக்கு நான் பண்ணது என்னன்னா, வண்டி வாங்காம, வண்டி இருந்தா மாசாமாசம் போயிருக்குற காசுல பாதிய தனி அக்கவுண்ட்ல போட ஆரம்பிச்சேன். எம்ஆர்டிலயே போனேன் வந்தேன். இது ரெண்டு வேலைய செஞ்சுது, டவுன்பேமண்ட் சேந்துது, இந்தச் செலவோட என்னால வாழ முடியுமான்னும் தெரிஞ்சுது. ஆறு மாசம் கூட அந்தக் காசத் தொடாம வைக்க முடியலன்னா வண்டிக்கு இன்னும் நேரம் வரலன்னு அர்த்தம், தயவு செஞ்சு கடன் வாங்கி அந்தக் குழில விழாதீங்க.

கடன்னு சொன்னதும் ஞாபகம் வருது, நாணய ஆணையத்தோட (எம்ஏஎஸ்) ரூல் படி வண்டியோட ஓஎம்வி, அதாவது வரி சேக்காத இறக்குமதி மதிப்பு, 20,000 வெள்ளிக்கு மேல இருந்தா 60 சதவீதம்தான் லோன் கிடைக்கும், அதுக்குக் கீழன்னா 70. அதிகபட்சம் ஏழு வருஷம். நம்ம ஆசைப்படுற வண்டியெல்லாம் பெரும்பாலும் 60 பக்கம்தான் வரும், அப்ப 60,000 வண்டிக்கு கைல குறைஞ்சது 24,000 வேணும். சிஓஇ வண்டின்னா சிஓஇ முடியிறதுக்குள்ள லோன் முடியணும், அதனால மாசத் தவணை பெருசா இருக்கும். பேங்க் சொல்ற வட்டி ஃப்ளாட் ரேட், அதாவது நீங்க அசல அடைச்சுக்கிட்டே வந்தாலும் வட்டி முழு அசலுக்கும் போடுவாங்க, உண்மையான வட்டி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு பக்கம் வந்துடும். டவுன்பேமண்ட தவிர குறைஞ்சது 8,000 வெள்ளி தனியா இருக்கணும், இத நான் விட்டுக்குடுக்கவே மாட்டேன். உங்க பட்ஜெட் 60,000-ன்னா 52,000-க்கு வண்டி தேடுங்க. மிச்ச 8,000 முதல் வருஷத்துல எங்க போகும்னு கீழ சொல்றேன்.

பாக்கப் போறதுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு விஷயம். உங்க லைசன்ஸ எடுத்துப் பாருங்க, கிளாஸ் 3ஏ-ன்னா ஆட்டோ மட்டும்தான் ஓட்டலாம், இந்த வகைல நல்ல வண்டி நிறைய மேனுவல். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி வண்டிய பாத்து பேசி முடிச்சதுக்கப்புறம்தான் இது ஞாபகம் வந்து, மறுபடியும் கிளாஸ் 3-க்கு டெஸ்ட் எழுதி காத்திருந்தான், அதுக்குள்ள வண்டி போயிடுச்சு. ரெண்டாவது, இன்சூரன்ஸ் கோட் வாங்காம டெபாசிட் போடாதீங்க. லைசன்ஸ் எடுத்து ரெண்டு வருஷம் ஆகலன்னாலோ, வண்டி ரொம்ப வயசானதா இருந்தாலோ, மாடிஃபை பண்ணதா இருந்தாலோ சில கம்பெனி வேண்டாம்னுடுவாங்க, எடுத்துக்குறவங்க எக்ஸஸ, அதாவது க்ளெய்ம் பண்ணும்போது நம்ம கைல இருந்து போடுற தொகைய, ஏத்திடுவாங்க. வண்டி நம்பர், மாடல், என்னென்ன மாத்தியிருக்குன்னு எல்லாத்தையும் மறைக்காம சொல்லி எழுத்துல வாங்குங்க.

இப்ப எந்த வண்டி. இதான் எனக்குப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமாப் போகும் பொறுத்துக்கங்க.

இந்த வண்டியெல்லாம் எதுக்குப் பொறந்துதுன்னு தெரிஞ்சா எங்க உடையும்னும் தெரியும். சுபாருவும் மிட்சுபிஷியும் ராலி ஓட்டுறதுக்காக, அதே மாதிரி வண்டிய கடைலயும் விக்கணும்ங்கிற ரூலுக்காக செஞ்சதுதான் இம்ப்ரெசா டர்போவும் லேன்சர் எவல்யூஷனும். 1995-ல காலின் மெக்ரே சுபாருல உலக சாம்பியன் ஆனாரு, அடுத்து 1996-ல இருந்து 1999 வரைக்கும் நாலு வருஷம் வரிசையா டோமி மாக்கினென் மிட்சுபிஷில. அதாவது இது அடி வாங்க செஞ்ச வண்டி, நம்ம ஊர்ல இருக்குற முக்கால்வாசி வண்டி அந்த அடிய வாங்கியும் இருக்கும்.

டபிள்யூஆர்எக்ஸ்ல 2014-க்கு அப்புறம் வந்த விஏ மாடல்தான் முதல் தடவ வாங்குறவங்களுக்கு என் முதல் ஓட்டு. அதுல எஃப்ஏ20 இன்ஜின், 2 லிட்டர், டைமிங் பெல்ட் கிடையாது செயின், அன்றாடம் ஓட்ட நல்லா இருக்கும். சிவிடி ஆட்டோவும் உண்டு ஆறு கியர் மேனுவலும் உண்டு. அதுக்கு முந்தின ஈஜே இன்ஜின்லதான் அந்த நொண்டல் சத்தம் வரும், என் மனசு அங்கதான் இருக்கு, ஆனா அதுக்கு டைமிங் பெல்ட் மாத்துன பில் வேணும், ஹெட் கேஸ்கெட் பாக்கணும், 2.5 லிட்டர் ஈஜே257-ல பிஸ்டன் ரிங் உக்கார்ற மேடு உடையிற பிரச்சனை உலகம் முழுக்க எல்லாருக்கும் தெரிஞ்சது, அதுவும் சரியா ட்யூன் பண்ணாம டர்போ அழுத்தத்த ஏத்தி ஓட்டுன வண்டில. பழைய அஞ்சு கியர் பாக்ஸு அடிச்சு கிளப்புனா தாங்காது, எஸ்டிஐ-ல வர்ற ஆறு கியர் பாக்ஸு இரும்பு.

மிட்சுபிஷி லேன்சர் எவல்யூஷன் 10, சுருக்கமா எவோ 10, அழகான வண்டி, ஓட்டுனவங்க மறக்க மாட்டாங்க. ஆனா உற்பத்தி நின்னு ரொம்ப வருஷம் ஆச்சு. எஸ்எஸ்டிங்கிற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸ் வண்டின்னா ஆயில் மாத்துன ரெக்கார்டு இல்லாம பக்கத்துலயே போகாதீங்க, பின் வீல் ரெண்டுக்கும் பவர பிரிச்சுக் குடுக்குற ஏஒய்சி-யோட பம்பு துருப்பிடிச்சு செத்துருக்கான்னு பாக்கணும், அது செத்தா டேஷ்போர்டுல லைட் எரியும், மாத்துனா பர்ஸும் எரியும்.

கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3 ரெண்டும் அண்ணன் தம்பி. வெளிய அமைதியா இருக்கும், மாமியார கூட்டிட்டு தேக்கா போகலாம், அதே வண்டில 280, 300 குதிரை சக்தி. இதுல ஏடபிள்யூடி ஹால்டெக்ஸ்ங்கிற கிளட்ச் மூலமா பின்னாடி போகுது. ஏழாவது தலைமுறை கோல்ஃப்ல அந்த கிளட்ச இயக்குற பம்புல ஒரு சின்ன சல்லடை இருக்கு, அது கிளட்ச் துகள்ல அடைச்சுக்கிட்டா பம்பு வேலை செய்யாது, வண்டி சத்தமில்லாம முன்வீல் வண்டியா மாறிடும், ஓட்டுறவருக்குத் தெரியக் கூட தெரியாது. மூணு வருஷத்துக்கு ஒரு தடவ ஆயில் மாத்தி அந்த சல்லடையையும் சுத்தம் பண்ணணும், பில்ல கேளுங்க. ஆறு கியர் டிஎஸ்ஜி-ங்கிற டூயல் கிளட்ச் கியர்பாக்ஸுக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவ ஆயில். வாட்டர் பம்பு, தெர்மோஸ்டாட் ஹவுசிங்ல கூலண்ட் கசியுதான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க.

குழந்தை இருக்கா? ஃபாரஸ்டர் எக்ஸ்டி-ய பாருங்க, யாரும் இதப்பத்தி பெருசா பேச மாட்டாங்க. எஸ்ஜே மாடல்ல டபிள்யூஆர்எக்ஸ்ல இருக்குற அதே எஃப்ஏ20 குடும்பத்து டர்போ இன்ஜின், நாலு வீல் டிரைவ், பின்னாடி பேபி சீட்டும் ஸ்ட்ரோலரும் போயிடும். குடும்பத்துக்காரங்க வச்சிருந்த வண்டியா இருக்கும்கிறதால ஒழுங்கா சர்வீஸ் பண்ணியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி.

தேடுறதுக்கு ஆன்லைன்ல லிஸ்டிங் எல்லாம் இருக்கு, அப்புறம் ஊபி, காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் ஒரு சனிக்கிழமை நடந்து பாத்தாலே நிறைய தெரிஞ்சுக்கலாம். ரெண்டு மூணு மாசம் வாங்காம பாத்துக்கிட்டே மட்டும் இருங்க. எந்த வண்டி ஒரு வாரத்துல போகுது, எது மூணு மாசமா விலை இறங்கி இறங்கி நிக்குது, ஏன் நிக்குதுன்னு கவனிங்க. ஓனர் எண்ணிக்கை பாருங்க, அஞ்சு வருஷத்துல நாலு பேரு கை மாறியிருந்தா ஒவ்வொருத்தரும் ஏதோ ஒண்ணத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் வித்திருப்பாங்க. எனக்கு ஒரு ஃபைல் நிறைய பில்லு வச்சிருக்குற மங்கிப்போன வண்டி, பாலிஷ் போட்டு மின்னுற பில்லில்லாத வண்டிய விட பத்து மடங்கு மேல்.

மாடிஃபிகேஷன் பத்தி. எக்ஸாஸ்ட் மாத்துனதுக்கு எல்டிஏ விதிப்படி பேப்பர் வேணும், பேப்பர் இல்லன்னா இன்ஸ்பெக்‌ஷன்ல மாட்டிக்கப் போறது நீங்கதான், முந்தின ஓனர் இல்ல. பத்து வயசு தாண்டுன வண்டிக்கு வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் உண்டு, அதுக்கு முன்னாடி மூணு வயசுல இருந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ. கழட்டுன ஒரிஜினல் பார்ட்ஸ் எல்லாம் கூடவே குடுக்குறாங்களான்னு கேளுங்க. ஒண்ணும் மாத்தாத வண்டி கிடைச்சா கொஞ்சம் காசு கூடப் போனாலும் அத எடுங்க.

வண்டி பாக்கப் போற நாள். விக்கிறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, நான் வர்றதுக்கு முன்னாடி ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு. போனதும் பானட் மேல கைய வைங்க, சூடா இருந்தா ஏற்கனவே ஓட்டி வச்சிருக்காரு, எதையோ மறைக்கிறாரான்னு மனசுல குறிச்சுக்கங்க. டிப்ஸ்டிக்க எடுத்து ஆயில் அளவு பாருங்க, கூலண்ட் டேங்க்ல எண்ணெய் மிதக்குதான்னு பாருங்க. ஸ்டார்ட் பண்றப்ப ஒருத்தரு பின்னாடி நிக்கணும், நீலப்புகைன்னா ஆயில் எரியுது, விடாம வெள்ளைப்புகை வந்து இனிப்பா வாசம் அடிச்சா கூலண்ட் உள்ள போகுது. பழைய பாக்ஸர் இன்ஜின்ல குளிர்ச்சியா இருக்கும்போது லேசா ஒரு டிக் டிக் வந்து சூடானதும் அடங்கிடும், அதுக்குப் பயப்பட வேண்டாம், சூடானதுக்கப்புறமும் அடில இருந்து டொக் டொக்னு கனமா வந்தா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க.

ஓட்டிப் பாக்கும்போது எனக்கு எங்க மெக்கானிக் அண்ணன் முதல்ல சொன்னது, "ரேடியோவ ஆஃப் பண்ணு தம்பி, ஏர்கானையும் ஆஃப் பண்ணு." அவரு சொல்லிக் குடுத்த ஒரு டெஸ்ட்ட இன்னிக்கு வரைக்கும் எல்லாருக்கும் சொல்றேன். காலியான கார்பார்க்ல ஸ்டியரிங்க முழுசா ஒரு பக்கம் ஒடிச்சு, மெதுவா, நடக்குற வேகத்துல வட்டம் போடுங்க, அப்புறம் அந்தப் பக்கம். நாலு வீலும் நாலு வேற வேற தூரம் சுத்துது அப்ப, நடுவுல இருக்குற டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்த விட்டுக்குடுக்கணும். வண்டி யாரோ பின்னாடி புடிச்சு இழுக்குற மாதிரி திக்கித் திக்கி வந்துதுன்னா நடு டிஃபரன்ஷியல்லயோ கப்ளிங்லயோ கோளாறு, இல்லன்னா டயர் சரியில்ல. கடக் கடக்குன்னா டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். ரெண்டு நிமிஷ வேலை, காசில்ல, ஆனா பல ஆயிரம் வெள்ளி விஷயத்த சொல்லிடும்.

டயர்னதும் என் கதை ஒண்ணு. சாவி கைக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு வண்டி பாத்தேன், எந்த வண்டி எந்தக் கடைங்கிறது வேணாம். வெள்ளைக் கலர், உள்ள சுத்தம், விலை மத்ததவிட 6,000 கம்மி. எனக்குக் கை நடுங்குது, டெபாசிட் செக்க எழுதத் தயாரா இருக்கேன். கூட வந்த என் அக்கா வீட்டுக்காரரு வண்டிய சுத்தி வந்துட்டு கேட்டாரு, "ஏன்டா முன்னாடி ரெண்டு புது டயரு பின்னாடி ரெண்டு மொட்டையா இருக்கு?" நான் அதப் பெருசா நினைக்கல. அவரு விடல, மெக்கானிக்கக் கூப்பிட்டாரு, லிஃப்ட்ல ஏத்துனா பின் டிஃபரன்ஷியல் சீல் கசிஞ்சு ஆயில் அடியெல்லாம் வழிஞ்சிருக்கு, வட்ட டெஸ்ட்ல திக்குது. ஏடபிள்யூடி வண்டில முன்னாடி பின்னாடி டயர் சுத்தளவு வித்தியாசமா இருந்தா நேரா ஓடும்போது கூட நடு டிஃபரன்ஷியல் ஓயாம வேலை செஞ்சு சூடாகி தேயும். டயர் ரெண்டு மாத்தி காச மிச்சம் பண்ணவரு அந்த வண்டில வேற எங்கெல்லாம் மிச்சம் பண்ணியிருப்பாரு? அன்னிக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தேன். மச்சான் இல்லன்னா அந்த வண்டி என்ன முழுங்கியிருக்கும்.

அதனால உங்க கண்ண மட்டும் நம்பாதீங்க, காதல்ல இருக்குற கண்ணு அது. அந்த மாடல தெரிஞ்ச ஒர்க்‌ஷாப்புக்கு, விக்கிறவர் சிபாரிசு பண்ணாத ஒர்க்‌ஷாப்புக்கு, காசு குடுத்துக் கூட்டிட்டுப் போங்க. லிஃப்ட்ல ஏத்தி அடிய பாக்கணும், கம்ப்யூட்டர் ஸ்கேன், நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட். கம்ப்ரஷன்ல நாலு நம்பரும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல இருக்கணும், ஒண்ணு மட்டும் தனியா கீழ கிடந்தா அந்தச் சிலிண்டர்ல கோளாறு இருக்கு. விக்கிறவரு இதுக்கு ஒத்துக்கலன்னா அதுவே பதில்.

டெபாசிட் போடும்போது "இன்ஸ்பெக்‌ஷன்ல பிரச்சனை வந்தா காசு திரும்ப"ன்னு பேப்பர்ல எழுதி வாங்குங்க. டீலர்கிட்ட வாங்குனா 2012 செப்டம்பர்ல இருந்து லெமன் லா, அதாவது கோளாறான பொருள வாங்குனவங்களக் காப்பாத்துற சட்டம், பழைய வண்டிக்கும் உண்டு, வாங்கி ஆறு மாசத்துக்குள்ள கோளாறு வெளிய வந்தா அது குடுக்கும்போதே இருந்ததாத்தான் எடுத்துப்பாங்க, இல்லன்னு நிரூபிக்க வேண்டியது டீலர். ஆனா வயசுக்கேத்த தேய்மானத்துக்கு இது வராது, நேரடியா ஓனர்கிட்ட வாங்குனாலும் வராது. கன்சைன்மென்ட் வண்டின்னா உஷாரா இருங்க, கடைல நிக்குது ஆனா விக்கிறது தனி ஆளு, ஒப்பந்தத்துல விற்பவர்னு யாரு பேரு இருக்குன்னு பாருங்க. மாத்துறது எல்லாம் ஒன்மோட்டரிங்ல சிங்பாஸ் போட்டு முடிஞ்சுடும், அது சுலபம்.

வண்டி வந்தாச்சு. அந்த 8,000 இப்பதான் வேலைக்கு வருது. முந்தின ஓனர் என்ன சொல்லியிருந்தாலும் முதல் வாரத்துலயே எல்லா எண்ணெயும் மாத்திடுங்க: இன்ஜின், கியர்பாக்ஸ், முன் பின் டிஃபரன்ஷியல், ஹால்டெக்ஸ் இருந்தா அது, பிரேக் ஃப்ளூயிட், கூலண்ட். ஈஜே இன்ஜின்ல டைமிங் பெல்ட்டுக்கு பில் இல்லன்னா பெல்ட்டும் வாட்டர் பம்பும் சேத்தே மாத்துங்க. நாலு டயரும் ஒரே பிராண்ட் ஒரே மாடல், ஒரே நேரத்துல. டயர் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம், நம்ம ஊர்ல வருஷத்துக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல மழை பெய்யுது, பிஐஇ எக்ஸ்பிரஸ்வேல மத்தியான மழைல தண்ணி நிக்கும்போது ஏடபிள்யூடி உங்கள முன்னாடி தள்ளத்தான் உதவும், பிரேக் அடிச்சு நிக்கிறதுக்கு ஒரு உதவியும் பண்ணாது, நிப்பாட்டுறது டயர் மட்டும்தான். 

நம்ம எக்ஸ்பிரஸ்வேல 90-க்கு மேல கிடையாது, அத மதிங்க. வண்டிய முழுசா ஓட்டணும்னா மலேசியாவுல செபாங் மாதிரி ரேஸ் டிராக்குக்கு போங்க, ஆனா சாதாரண இன்சூரன்ஸ் டிராக்ல நடக்குறதுக்கு வராது, கேட்டுக்கிட்டு போங்க. ஜேபி பக்கம் போறீங்கன்னா மலேசியாவுக்குள்ள வெளிநாட்டு வண்டி நுழையிறதுக்கான விஇபி பெர்மிட் பதிஞ்சிருக்கணும், கிளம்புறப்ப டேங்க்ல முக்கால் இருக்கணும், இல்லன்னா உட்லண்ட்ஸ்ல திருப்பி அனுப்பிடுவாங்க. முதல் தடவ நான் கேமரன் ஹைலண்ட்ஸ் போனது அப்பாவ பக்கத்துல உக்கார வச்சு, மேல ஏறும்போது மழை புடிச்சுக்கிச்சு, ஒரு வளைவுல கூட வண்டி வழுக்கல. அவரு லாரி ஓட்டுனவரு, அவ்வளவு சுலபமா பாராட்ட மாட்டாரு. மலை ஏறி முடிக்கிற வரைக்கும் பேசாம இருந்துட்டு, "நல்லா புடிச்சுக்கிட்டு போகுதுடா"ன்னாரு.

டர்போ இன்ஜின் ஆயில் குடிக்கும், அது வியாதி இல்ல, எவ்வளவு குடிக்குதுன்னு தெரியாம இருக்குறதுதான் ஆபத்து. ரெண்டு தடவ பெட்ரோல் போட்டா ஒரு தடவ, சமதரைல நிறுத்தி, இன்ஜின் ஆறுனதும் டிப்ஸ்டிக்க பாத்து கிலோமீட்டரோட போன்ல குறிச்சு வைங்க. நான் நாலு வருஷமா குறிக்கிறேன், ஆயில் அளவு திடீர்னு வேகமா இறங்க ஆரம்பிச்சா ரோட்ல புகை வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த லிஸ்ட்ல தெரிஞ்சுடும்.